காற்றிலும் நீரிலும் எரிபொருள் கண்டவர் – பேராசிரியர் ஹால்டேன்

மண்ணைத் தோண்டி நிலக்கரி எடுத்தான் மனிதன். ஆழத் துளையிட்டு எண்ணெய் எடுத்தான். எடுத்ததை எரித்து ஆலைகளை ஓட்டினான், கப்பல்களை ஓட்டினான், இறுதியில் வானத்திலும் ஏறிப் பறந்தான். எடுக்க எடுக்கக் குறையும் இச்செல்வம் ஒருநாள் தீர்ந்துவிட்டால் என் செய்வது என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் 1923-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகச் சங்கம் ஒன்றில் எழுந்து நின்று பேசினார். அன்று அவருக்கு வயது முப்பதுதான். காற்றாலையும் நீரும் இருந்தால் போதும், எரிபொருள் செய்துகொள்ளலாம். அவ்வெரிபொருள் ஆகாய விமானத்துக்கு மிகவும் ஏற்றது என்றும் அவர் அன்றே கூறினார். அந்த எரிபொருள் திரவ ஹைட்ரஜன். கூறியவர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன்.

உயிர் நூல் படிக்கும் நண்பர்கள் இப்பெயரை அறிவர். பரிணாமக் கொள்கைக்குக் கணித வடிவம் தந்த மூவருள் ஒருவர் அவர். மற்ற இருவர் ஃபிஷரும் ரைட்டும். ஆனால் எரிபொருளைப் பற்றியும் விமானத்தைப் பற்றியும் அவர் எண்ணியதை இரசாயன மாணவரும் பௌதிக மாணவரும் அறிந்திருப்பது அரிது. அவர் தம் வாழ்வின் இறுதி ஏழாண்டுகளை நம் நாட்டிலே கழித்து, இந்தியக் குடிமகனாகவே மறைந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது. ஆகவே அவர் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

தந்தையே ஆசான்

ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். மனிதன் மூச்சுவிடும் முறையை ஆராய்வதே அவர் தொழில். சுரங்கத்திலே தொழிலாளி மூச்சடைத்து இறந்தால், அங்கே எந்த வாயு அவனைக் கொன்றது என்று கண்டறிய அவரைத்தான் அழைப்பார்கள். நச்சு வாயு சூழ்ந்த இடத்திற்குச் சிறு பறவையைக் கூண்டில் கொண்டுபோய், அது மயங்கினால் மனிதர் வெளியேறவேண்டும் என்ற முறையைச் சுரங்கங்களுக்குக் கற்றுத் தந்தவர் அவரே.

இத்தகைய தந்தை, மகனுக்குப் பாடஞ் சொல்லிய முறையும் தனி. ஒருமுறை சிறுவனைப் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் அழைத்துச் சென்றார். கூரையை ஒட்டி மீத்தேன் வாயு தங்கியிருந்த ஓரிடத்தில் அவனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி பேசும் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். சிறுவன் தொடங்கினான். சில அடிகள் சொல்வதற்குள் மூச்சு வாங்கிற்று, கால்கள் தளர்ந்தன, தரையில் விழுந்தான். விழுந்த இடத்தில் காற்று நன்றாயிருந்தது, தெளிந்து எழுந்தான். மீத்தேன் காற்றைவிட இலேசானது, ஆகவே மேலே தங்கும் என்ற பாடத்தை அவன் பின்னர் மறந்திருக்க முடியுமா? புத்தகத்தில் படித்தது தேர்வு முடிந்ததும் போய்விடும். உடம்பில் படித்தது உயிருள்ளவரை நிற்கும்.

பதின்மூன்றாம் வயதில் தந்தையோடு ஸ்காட்லாந்துக் கடலுக்குப் போனான். கடற்படையினருக்காகத் தந்தை நடத்திய முக்குளிப்புச் சோதனைகளில் மகனும் உடையணிந்து கடலுக்குள் இறங்கினான். பெரியவருக்காகத் தைத்த உடை, சிறுவனுக்குப் பொருந்தவில்லை. உள்ளே நீர் ஏறிக்கொண்டே வந்தது. ஆயினும் அஞ்சாது பணி முடித்து மேலே வந்தான். அச்சோதனைகளின் பயனாகத் தந்தை 1908-இல் வெளியிட்ட அட்டவணை, ஆழத்திலிருந்து மேலே வருவோர் எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்று வரவேண்டும் என்று சொல்லிற்று. இன்று எங்கள் அந்தமான் கடலில் பவளப் பாறைகளைக் காண மூழ்குவோர் பின்பற்றும் விதிகளுக்கு மூலம் அந்த அட்டவணையே.

படிப்பிலும் அவர் விந்தை மனிதர். ஈட்டன் பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் கணிதத்திலும், பின்பு கிரேக்க இலத்தீன் இலக்கியமும் தத்துவமும் சேர்ந்த பாடத்திலும் முதல் வகுப்பில் தேறினார். விஞ்ஞானப் பட்டம் ஒன்றும் அவர் பெறவில்லை. பட்டமில்லாமலே உலக விஞ்ஞானிகளின் முன்வரிசையில் அமர்ந்தார். பட்டத்துக்காக மட்டும் படிக்கும் நாம் இதைச் சற்றே சிந்திக்கவேண்டும்.

போர்க்களமும் நச்சுப் புகையும்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஹால்டேன் பிளாக் வாட்ச் என்னும் ஸ்காட்லாந்துப் படையில் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார். 1915 ஏப்ரலில் ஈப்ர் என்னும் இடத்தில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைப் புகையாக விட்டனர். செய்வதறியாது வீரர்கள் மாண்டனர். முகமூடி செய்யும் வழி காணத் தந்தை ஹால்டேனை அரசு அழைத்தது. தந்தை மகனைக் களத்திலிருந்து வரவழைத்தார். கண்ணாடி அறைக்குள் குளோரினை நிரப்பி, முகமூடியோடும் முகமூடியின்றியும் அதற்குள் நின்று சோதித்தார்கள். கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. ஒருவரால் தாங்க முடியாதபோது மற்றொருவர் உள்ளே போனார். சோதனை முடிந்ததும் மகன் களத்துக்குத் திரும்பினார், காயமுற்றார். பின்னர் மெசபட்டேமியாவிலும் போரிட்டு, அங்கும் காயமுற்று, உடல் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நம் நாட்டோடு அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு இதுவே. நாற்பது ஆண்டு கழித்து அத்தொடர்பு மீண்டும் மலர்ந்தது.

போர் முடிந்தபின் ஆக்ஸ்ஃபோர்டிலும், 1923 முதல் கேம்பிரிட்ஜிலும் பணியாற்றினார். இரத்தத்தின் காரத்தன்மையும் அமிலத்தன்மையும் மாறினால் உடல் என்னவாகும் என்று அறிய விரும்பியபோது, எலியையும் முயலையும் தேடிப் போகவில்லை. சமையல் சோடாவை அளவுக்கு மீறித் தாமே விழுங்கினார். நவச்சார உப்பைக் கரைத்துக் குடித்து நாள்கணக்கில் மூச்சிரைக்கத் துன்புற்றார். எலிக்குத் தலைவலி வந்தால் அது சொல்லாது. மனிதன் சொல்வான் என்பது அவர் கருத்து. 1924 முதல் பத்தாண்டுக் காலம் இயற்கைத் தேர்வைப் பற்றிய கணிதக் கட்டுரைகளை வரிசையாக வெளியிட்டார். 1932-இல் இராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கிற்று.

அந்த ஒரு சொற்பொழிவு

இத்தகைய மனிதர்தாம் 1923-இல் கேம்பிரிட்ஜ் சங்கத்தில் பேசினார். டீடலஸ் என்பது அச்சொற்பொழிவின் பெயர். டீடலஸ் யார்? கிரேக்கக் கதையிலே மெழுகும் இறகும் கொண்டு சிறகு செய்து பறந்த தச்சன். விஞ்ஞானத்தின் எதிர்காலத்தைச் சொல்லும் பேச்சுக்குப் பறந்தவன் பெயரையே வைத்தார் ஹால்டேன். பேச்சு விரைவில் சிறு நூலாகவும் வெளிவந்து பரபரப்பை உண்டாக்கிற்று. மனிதக் கருவைத் தாயின் வயிற்றுக்கு வெளியே வளர்ப்பது பற்றி அதிலே அவர் சொன்னதைத்தான் எல்லோரும் பேசினர். எரிபொருளைப் பற்றிச் சொன்ன சில பத்திகளை அன்று பெரிதாக எண்ணியவர் இலர்.

அப்பத்திகளின் சாரம் இதுதான். நிலக்கரியும் எண்ணெயும் சில நூற்றாண்டுகளில் தீர்ந்துவிடும். நீர்வீழ்ச்சிகள் போதா. எஞ்சுவன காற்றும் வெயிலும். இவை எப்போதும் ஒரே சீராய்க் கிடைப்பதில்லை. ஆகவே கிடைக்கும்போது சேமிக்கவேண்டும். நாடெங்கும் உலோகக் காற்றாலைகளை வரிசையாக நிறுத்தி மின்சாரம் எடுப்பது. காற்று மிகுந்த நாளில் எஞ்சும் மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஆக்குவது. அவற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கி, வெற்றிடச் சுவருள்ள பெருந்தொட்டிகளில் நிலத்தடியில் சேர்ப்பது. காற்று ஓய்ந்த நாளில் இரண்டையும் மீண்டும் கூட்டி மின்சாரம் பெறுவது. கூட்டுவதற்கு எஞ்சினைவிட, நாம் இன்று எரிமின்கலம் என்று சொல்லும் கருவியே சிறந்ததாகலாம் என்றும் அவர் கருதினார். இப்படிச் செய்தால் புகையில்லை, சாம்பலில்லை. நாட்டின் எந்த மூலையிலும் ஆற்றல் ஒரே விலைக்குக் கிடைக்கும். தொழில்கள் ஓரிடத்தில் குவியாமல் எங்கும் பரவும்.

ஆகாய விமானத்தைப் பற்றி அவர் சொன்னது எளிய எடைக் கணக்கு. திரவ ஹைட்ரஜன், எடைக்கு எடை பார்த்தால், பெட்ரோலைப்போல் மூன்று மடங்கு வெப்பம் தரும். இடத்துக்கு இடம் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் தரும். தரையில் ஓடும் வண்டிக்கு இது குறை. வானத்தில் பறப்பதற்குச் சுமைதான் பெரிது, இடம் அவ்வளவு பெரிதன்று. ஆகவே விமானத்துக்கு அது பொருந்தும் என்றார். ஜெட் எஞ்சின் என்ற ஒன்று உலகில் தோன்றாத காலம் அது. கட்டையும் துணியும் கொண்டு செய்த விமானங்களே பெரும்பாலும் பறந்துகொண்டிருந்தன. ஹைட்ரஜன் என்றால் வானக் கப்பலின் வயிற்றை நிரப்பும் வாயு என்றே மக்கள் அறிந்திருந்தனர். அது சுமை தூக்கும் வாயுவாக மட்டுமன்றி விமானத்தை உந்தும் எரிபொருளாகவும் ஆகும் என்று கண்டது நுண்ணிய பார்வை அன்றோ?

நாமும் கணக்கிடுவோம்

பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்பது விஞ்ஞான மாணவனுக்கு அழகன்று. இன்றைய அளவுகளைக் கொண்டு பார்ப்போம். இன்றைய ஜெட் விமானங்கள் எரிப்பது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருள். அதன் 1 கிலோ எரிந்தால் சுமார் 43 மெகாஜூல் கிடைக்கும். ஹைட்ரஜன் 1 கிலோ எரிந்தால் 120 மெகாஜூல். ஆக, எடைக் கணக்கில் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது சரி. ஆனால் திரவ ஹைட்ரஜன் 1 லிட்டரின் எடை 71 கிராம்தான். மண்ணெண்ணெய் 1 லிட்டர் 800 கிராம். ஆதலால் இடக் கணக்கில் நான்கில் ஒரு பங்கே தேறும். பெட்ரோலை ஒப்பிட்ட அவர் மூன்றில் ஒரு பங்கு என்றார்; நடைமுறையில் நிலை சற்று மோசமே.

20 டன் மண்ணெண்ணெய் நிரப்பும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தொட்டியின் கொள்ளளவு 25,000 லிட்டர். அதே ஆற்றலுக்கு ஹைட்ரஜன் 7 டன் போதும். 13 டன் சுமை குறைகிறது. ஆனால் தொட்டி ஏறத்தாழ 1 இலட்சம் லிட்டர் கொள்ளவேண்டும். அது இறக்கைக்குள் அடங்காது, உடலுக்குள்தான் வைக்கவேண்டும். மேலும் ஹைட்ரஜன் திரவமாயிருக்க, பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். அக்குளிரைக் காக்கும் தொட்டியின் சுவரே பெருஞ்சுமை. குறைந்ததாகக் கண்ட எடையில் ஒரு பகுதியை அச்சுவர் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

செய்யும் செலவு என்ன? 1 கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் நீரும், மின்பகுப்புக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரமும் வேண்டும். திரவமாக்க மேலும் 10 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஏறத்தாழ 65 யூனிட் கொடுத்து, 33 யூனிட் ஆற்றலைப் பெறுகிறோம். பாதி வழியிலேயே போய்விடுகிறது. மேலே சொன்ன ஒரு விமானத்தின் தொட்டியை ஒருமுறை நிரப்ப நாலரை இலட்சம் யூனிட் வேண்டும் என்றால், இத்தொழிலின் பெருமையும் அருமையும் விளங்கும். தடை இயற்கை விதியில் இல்லை. விலையிலும் அளவிலும் இருக்கிறது.

ஹால்டேன் கணித்தவை எல்லாம் பலித்தன என்று சொல்வதும் தவறு. அணுவிலிருந்து மலிவாக ஆற்றல் எடுக்கலாம் என்பதை அவர் அச்சொற்பொழிவில் நம்பவில்லை. தாராப்பூர் 1969-இலும், நம் கல்பாக்கம் 1984-இலும் மின்சாரம் தரத் தொடங்கின. நிலக்கரி தீரும் என்பதே அவர் சொன்ன காரணம். தீருவதற்கு முன்பே அதன் புகை உலகைச் சூடாக்கும் என்ற கவலைதான் இன்று நம்மை உந்துகிறது. காரணம் மாறினாலும் தேவை மாறவில்லை.

மூழ்கிய கப்பல்

1933-இல் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். 1939-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தீடிஸ் என்னும் புதிய நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் மூழ்கி, 99 பேர் உள்ளேயே மாண்டனர். அத்தகைய கப்பலில் சிக்கியவர் எப்படித் தப்புவது? அடைத்த அறைக்குள் கரியமில வாயு மிகுந்தால் என்னாகும்? அழுத்தம் மிகுந்த ஆக்ஸிஜனை மூச்சிழுத்தால் என்னாகும்? இவற்றை அறிய ஹால்டேனும் அவர் தோழர்களும் இரும்பு அறைக்குள் தங்களை அடைத்துக்கொண்டார்கள். உயிர் காக்கும் பிராணவாயுவே அழுத்தம் மிகுந்தால் வலிப்பை உண்டாக்கும் என்பதை அவர் தம் உடலிலேயே கண்டார். அவ்வலிப்பில் முதுகெலும்பு நசுங்கிற்று. அந்த வலி இறுதிவரை அவரை விடவில்லை. வாயுக்களைப் பற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் இவ்வாறு விலை கொடுத்து வாங்கப்பட்டது.

இந்தியக் குடிமகன்

1957-இல் இங்கிலாந்தைத் துறந்து இந்தியாவுக்கு வந்தார். முந்திய ஆண்டு சூயெஸ் கால்வாய்ப் பிரச்சினையில் பிரிட்டன் எகிப்தின்மீது படையெடுத்ததைக் கண்டித்தே போகிறேன் என்று அறிவித்தார். பேராசிரியர் மகலனோபிஸ் அழைப்பின்பேரில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். இந்திய உடை உடுத்தார், புலாலை விட்டார், 1961-இல் இந்தியக் குடிமகனானார்.

ஏழை நாட்டில் விலையுயர்ந்த கருவி இல்லையே என்று அவர் ஏங்கவில்லை. கண்ணும் தாளும் பென்சிலும் பொறுமையும் இருந்தால் ஆராய்ச்சி செய்யலாம் என்று இந்திய இளைஞர்க்குக் காட்டினார். அவரோடு பணியாற்றிய டி. ஏ. டேவிஸ், தென்னை மரத்தில் மட்டைகள் இடப்புறம் சுழன்று ஏறுகின்றனவா, வலப்புறம் சுழன்று ஏறுகின்றனவா என்று எண்ணினார். எண்ணியதிலிருந்து இடச்சுழி மரங்கள் சற்று மிகுதியாகக் காய்க்கின்றன என்று கண்டார். தென்னந்தோப்பிலே வளர்ந்த எத்தனையோ பேர் கண்டும் காணாததை, எண்ணிப் பார்த்தவர் கண்டார்.

1962-இல் புவனேசுவரத்தில் ஒரிசா அரசின் ஆதரவில் மரபியல் ஆய்வுக்கூடம் நிறுவினார். 1964-இல் புற்றுநோய் கண்டது. மருத்துவமனையில் படுத்தபடியே தம் நோயைக் கேலி செய்து ஒரு பாட்டு எழுதி வெளியிட்டார். நோயை மறைக்காமல் காலத்தே மருத்துவரைக் காணுங்கள் என்பது அதன் உட்கருத்து. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்காக அளிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் தம் உடலைச் சோதனைக்கு ஈந்தவர், இறந்தபின்னும் அதையே செய்தார்.

கனவு பறந்த கதை

அவர் இந்தியாவுக்கு வந்த அதே 1957-இல், பிப்ரவரி 13-ஆம் நாள், அமெரிக்காவில் பி-57 என்னும் விமானம் ஒன்று ஈரி ஏரியின்மேல் பறந்தபோது, அதன் இரு எஞ்சின்களுள் ஒன்றுக்கு ஹைட்ரஜன் ஊட்டப்பட்டது. ஏறத்தாழ 20 நிமிடம் அது ஹைட்ரஜனில் ஓடிற்று. கேம்பிரிட்ஜ் பேச்சுக்கும் இப்பறப்புக்கும் இடையே 34 ஆண்டுகளே. இங்கிலாந்தின் ஆற்றல் பிரச்சினை இவ்வாறு தீர நானூறு ஆண்டுகள் ஆகும் என்று அவர் எண்ணியிருந்தார்! 1963 நவம்பரில் சென்டார் ஏவூர்தி திரவ ஹைட்ரஜனைக் கொண்டு வெற்றியோடு விண்ணுக்கு ஏறியபோது அவர் உயிரோடு இருந்தார். 1988 ஏப்ரல் 15-ஆம் நாள் சோவியத் நாட்டின் டுப்பொலெவ் 155 விமானம், தன் மூன்று எஞ்சின்களுள் ஒன்றைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டிப் பறந்தது. 2023 செப்டம்பரில் சுலோவேனியாவின் மாரிபோர் நகரில் ஒரு சிறு விமானம் திரவ ஹைட்ரஜனையும் எரிமின்கலத்தையும் கொண்டு ஆளோடு பறந்தது.

ஆயினும் பாதை நேரானதன்று. 2035-க்குள் ஹைட்ரஜன் விமானம் தருவோம் என்று 2020-இல் அறிவித்த ஏர்பஸ் நிறுவனம், 2025-இல் அக்காலத்தைத் தள்ளிவைத்தது. இடைக்காலத்துக்கு வேறு எரிபொருள்களும் முயலப்படுகின்றன. 2018 ஆகஸ்ட் 27-ஆம் நாள் டேராடூனிலிருந்து தில்லிக்கு ஒரு பயணி விமானம், காட்டாமணக்கு விதை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து பறந்தது. அவ்வெரிபொருளைச் செய்தது டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகம். இத்தகைய எண்ணெய் இன்றைய தொட்டியிலும் எஞ்சினிலும் அப்படியே பொருந்தும் என்பது அதன் பெருஞ்சிறப்பு. எனினும் உலகின் விமானங்களுக்கெல்லாம் போதுமான விதையை விளைவிக்க நிலம் எங்கே? உணவுப் பயிரின் நிலத்தையா கொடுப்பது? ஆகவே ஹைட்ரஜனின் நினைவு மீண்டும் மீண்டும் வருகிறது.

தெற்கே ஒரு காட்சி

தமிழகத்தின் தென்கோடிக்குச் சென்று பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை வாங்கிக்கொண்டு முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன. அங்கிருந்து சிறு தொலைவில் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியின் அடிவாரத்தில், திரவ ஹைட்ரஜனை எரிக்கும் இந்திய ஏவூர்தி எஞ்சின்கள் முழங்குகின்றன. 2014 ஜனவரி 5-ஆம் நாள் நாம் செய்த அத்தகைய எஞ்சின் முதன்முறையாக விண்ணில் வென்றது. 2023-இல் சந்திரயான்-3 நிலவுக்குப் புறப்பட்டதும் இவ்வெரிபொருளின் துணையோடுதான். ஹால்டேன் கண்ட கனவின் முதற்பாதி முப்பந்தலில், பிற்பாதி மகேந்திரகிரியில்! இரண்டையும் இணைக்கவேண்டிய நடுப்பகுதி, அதாவது காற்றின் மின்சாரத்தால் மலிவாக ஹைட்ரஜன் செய்யும் பெருந்தொழில், இன்னும் நம்மிடம் முழுமை பெறவில்லை. 2030-க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் செய்வது இலக்கு என்று 2023 ஜனவரியில் இந்திய அரசு ஒரு திட்டம் வகுத்துள்ளது. திட்டத்தைத் தாளிலிருந்து தரைக்கு இறக்குவோர் யார்? இரசாயனமும் பௌதிகமும் பொறியியலும் படிக்கும் மாணவர்கள்தாம்.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பிழைப்பைத் தேடித் தமிழகத்தினின்றும் கடல் கடந்து போன குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. நடு அந்தமானில் ரங்கத் எங்கள் ஊர். தமிழரும் வங்காளிகளும் ராஞ்சியிலிருந்து வந்தோரும் கலந்து வாழும் சிற்றூர். வீட்டு விளக்குக்கு மின்சாரம் பெரும்பாலும் டீசல் எஞ்சினிலிருந்து வருகிறது. திக்லிபூரில் கல்பாங் ஆற்றின் சிறு நீர்மின் நிலையம் ஓரளவு கைகொடுக்கிறது. அந்த டீசல் ஆயிரங் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கப்பலில் வரவேண்டும். கடல் சீறினால் கப்பல் இல்லை. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குச் சாலை வழியே போக ஏறத்தாழ ஒருநாள் கழியும். கடுநோய் கண்டவரைக் கொண்டுபோக ஹெலிகாப்டரை எதிர்பார்த்து நிற்போம். வான்வழி 100 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 100 கிலோமீட்டரைக் கடக்கும் எரிபொருளும் கடல் கடந்தே வரவேண்டும்.

நாட்டின் எந்த மூலையிலும் ஆற்றல் ஒரே விலைக்குக் கிடைக்கும் என்று ஹால்டேன் சொன்ன சொல்லைத் தலைநகரில் இருப்போர் எளிதாகக் கடந்துபோகலாம். தீவில் வாழ்வோர் அதைக் கடந்துபோக முடியாது. எங்களிடம் நிலக்கரி இல்லை. காற்றும் வெயிலும் நீரும் உண்டு. ஹைட்ரஜன் விமானங்கள் வந்தால், பெருங்கடலைத் தாண்டும் பெரிய விமானங்களுக்கு முன்பாக, குறுகிய தொலைவு போகும் சிறு விமானங்களாகவே வரும் என்பது இதுவரை நடந்த சோதனைகளால் தெரிகிறது. பெரிய தொட்டியும் நெடும் பயணமும் வேண்டாத தீவுகளுக்கு அவை ஏற்றவை. நாளையே வரும் என்று நான் சொல்லவில்லை. டீசலைவிட மலிவாக வராவிட்டால் வந்தும் பயனில்லை. மேலே போட்ட கணக்கில் 65 யூனிட் என்பதை 50 ஆக்குவதும், தொட்டிச் சுவரின் சுமையைக் குறைப்பதும், கசிவைத் தடுப்பதும் ஆய்வுக்கூடத்தில் செய்து முடிக்கவேண்டிய வேலைகள். அவ்வேலைகளில் ஒரு துளியேனும் நம் கையால் நடக்குமாயின், அதன் பயனை முதலில் உணர்வது எங்கள் ஊர்போன்ற சிற்றூர்களே.

ஹால்டேன் விமானம் கட்டியவர் அல்லர். எஞ்சின் செய்தவரும் அல்லர். மாணவர் நிறைந்த ஒரு சங்கத்தின் கூட்டத்தில், தாம் அறிந்த சில எண்களைக் கூட்டிக் கழித்து, எதிர்காலத்தைச் சொன்னார். அன்று அவையில் இருந்தோர் கேட்டுவிட்டுக் கலைந்தனர். நம் தமிழ்ச் சங்கத்திலும் கூட்டம் நடக்கிறது. இலக்கியம் பேசுகிறோம், அரசியல் பேசுகிறோம். ஆண்டுக்கு ஓரிரு கூட்டங்களேனும், காற்றாலையையும் எரிமின்கலத்தையும் பற்றித் தமிழில் பேசி, கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தவறாகப் போட்டால் அவையோர் திருத்தட்டும். எண்ணத் தொடங்குவதற்குக் கருவி வேண்டியதில்லை, கண்ணும் தாளும் பென்சிலும் போதும் என்று அப்பேராசிரியர் நம் நாட்டு மண்ணிலேயே காட்டிச் சென்றிருக்கிறார்.